கோட்டுப் பை உயரத்தில் ஓர் ஆற்றங்கரை

பித்தப்பையை எடுத்துவிடலாம் என்று டாக்டர் சொன்னதும் நான் செய்த முதல் காரியம், பித்தப்பை இல்லாமல் செத்தவர்கள் யார் யார் என்று கைபேசியில் தேடியது. இரண்டாவது காரியம், தேடிய தடயத்தை மனைவி பார்ப்பதற்குள் அழித்தது. இத்தனைக்கும் நான் வேலை பார்ப்பது சிட்னியின் வெஸ்ட்மீட்டில், ஒரு மருத்துவமனையின் கம்ப்யூட்டர் பிரிவில். எக்ஸ்ரே படங்கள் தொலையாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. ஊரார் நுரையீரலையெல்லாம் டீ குடித்துக்கொண்டே பார்த்தவனுக்குத் தன் வயிற்றில் ஒரு கல் என்றதும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

ஆபரேஷன் அன்று, அதே மருத்துவமனையில், என் கட்டிலைத் தள்ளிக்கொண்டு போக வந்தவர்தான் அவர். வார்டிலிருந்து ஆபரேஷன் தியேட்டருக்கு நோயாளிகளைக் கொண்டுபோய் விடுவது அவர் வேலை. மணிக்கட்டுப் பட்டையில் என் பெயரைப் பார்த்துவிட்டு, தம்பி தமிழோ, இந்தியாவோ, எந்தப் பக்கம் என்று விசாரித்தார். திருச்சி என்றேன். பயமா இருக்குதோ என்றார். இல்லையே என்றேன்.

"அப்ப கட்டில்தான் பயப்பிடுது போல. நடுங்குது" என்றார்.

பிறகு குனிந்து, "கண்ணை மூடுங்கோ. நான் ஒரு இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போறன்" என்றார்.

மூடினேன். இப்போது நாம் பிரான்ஸில், போர்தோ நகரத்தில், ட்ராமிலிருந்து இறங்கிவிட்டோம் என்றார். வலப்பக்கம் ஆறு. தேத்தண்ணிக்குப் பால்மாவை அளவுக்கு மேலே போட்டுவிட்ட நிறம். இடப்பக்கம் பழைய வைன் வியாபாரிகளின் வீடுகள். முகப்பு ஒடுக்கமாக இருக்கும், உள்ளே போகப் போக ரயில்பெட்டி மாதிரி நீளும். முன்னால் குடும்பம், பின்னால் பீப்பாய்கள். மருத்துவமனையின் நடைவழி திரும்பியபோது ஒரு சந்துக்குள் திரும்பினோம். இரண்டு பக்கமும் பழம்பொருள் கடைகள், ஒரு கடை வாசலில் கால் உடைந்த கதிரை, அதாவது நாற்காலி. லிஃப்ட் கீழே இறங்கியபோது, பீப்பாய்கள் அடுக்கிய நிலவறைக்குள் இறங்குகிறோம், குளிரும், பயப்பட வேண்டாம் என்றார். குளிர்ந்தது. மயக்க மருந்து கொடுக்கிற பெண் எண்ணச் சொன்னபோது நான் பீப்பாய்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

தேறியபின் நன்றிக்கடனாக ஒரு நல்ல போர்தோ வைன் பாட்டிலோடு போய் நின்றேன். வைன் தனக்கு ஒத்துவராது, நெஞ்செரிச்சல் என்றார். போர்தோவில் எத்தனை வருஷம் இருந்தீர்கள் என்று கேட்டேன்.

"நான் போகேல்லை" என்றார்.

பிரான்ஸுக்கே போனதில்லை. சிட்னியிலிருந்து மெல்போர்ன்வரை ஒருதடவை பஸ்ஸில் போயிருக்கிறார். அவ்வளவுதான்.

இருவரும் இருப்பது பிளாக்டவுனில் என்று தெரிந்ததும் எங்களுக்குள் ஓர் ஏற்பாடு உண்டானது. வெளியே சொன்னால் அவருக்கு நான் காரில் இடம் கொடுத்தேன் என்று ஆகும். உண்மை என்னவென்றால், எம் ஃபோர் நெடுஞ்சாலையில் ஏறினாலே எனக்கு நெஞ்சு படபடக்கும். இரண்டு பக்கமும் லாரிகள் வந்துவிட்டால், நாளைக்கு என் இரங்கல் கூட்டத்தில் யார் யார் பேசுவார்கள், யார் நீளமாகப் பேசி அறுப்பார்கள் என்பதுவரை மனம் போய்விடும். இதற்காகவே பல வருஷம் சந்து சந்தாக ஓட்டி, இருபது நிமிஷப் பாதையை ஒருமணி நேரமாக்கி வைத்திருந்தேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்தால் நெடுஞ்சாலையில் போக முடிந்தது. ஏன் என்று டாக்டரைக் கேட்டால் ஏதாவது பெயர் வைப்பார். நான் கேட்கவில்லை.

வீடு திரும்பும் நேரம் போர்தோவில் காலை. கார் கிளம்பிச் சற்று நேரத்தில் அவர் கைபேசியில் வீடியோ அழைப்பு வரும். அவருடைய மனைவி. ஆனால் திரையில் மனைவி இருக்க மாட்டார். ஆறு இருக்கும்.

வேலைக்கு நடக்கும்போது அந்தப் பெண் கைபேசியைக் கோட்டின் மார்புப் பையில், கேமரா மட்டும் வெளியே எட்டிப் பார்க்கும்படி செருகிக்கொள்வார். ட்ராம் நிறுத்தத்திலிருந்து ஆற்றங்கரையோரம் நடந்து, ஷார்த்ரோன் என்கிற அந்த வியாபாரிகள் பகுதிக்குள் புகுந்து, ஒரு கரும்பச்சைக் கதவுவரை. அது பழைய வைன் வியாபாரி ஒருவரின் வீடு. உள்ளே இப்போது நாலைந்து அலுவலகங்கள். கூட்டித் துடைப்பது அந்தப் பெண்ணின் வேலை. கதவு வந்ததும் "வந்திட்டன், வைக்கிறன்" என்பார். "கவனமாப் போட்டு வா" என்பார் இவர். திரை அணையும். தினமும் இதுதான் அவர்களுடைய குடும்ப வாழ்க்கை.

இவர் சும்மா பார்த்துக்கொண்டிருக்க மாட்டார். பிளாக்டவுன் போகும் காரில் உட்கார்ந்துகொண்டு போர்தோவில் மனைவியை வழிநடத்துவார். இண்டைக்கு ஆத்துப் பக்கமாப் போ. அந்த நாயைத் தாண்டு, கடிக்காது, நேற்றும் அதே நாய்தான். உந்தக் கடையிலை புதுசா என்ன வைச்சிருக்கிறான், கிட்டப் போ. அந்தப் பெண் கிட்டப் போவார். திரை முழுக்க ஒரு பித்தளை விளக்கு. "வடிவா இருக்கு, சரி நட" என்பார். நான் லாரிகளுக்கு நடுவே வியர்த்துக்கொண்டிருக்கும்போது இங்கே ஒரு தாம்பத்தியம் சாமான் பார்த்துக்கொண்டு போகும்.

"அண்ணை, சுகமே?" என்று எனக்கும் ஒரு குரல் வரும். நல்லாயிருக்கேன்மா என்பேன். நல்லாயில்லை, வலப்பக்கம் ஒரு சிமெண்ட் லாரி நிற்கிறது என்பதை அவரிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது.

அந்தப் பகுதியின் சரித்திரமும் அவர் வாயிலாகத்தான் எனக்குத் தெரியும். வியாபாரம் செய்ய வந்த இங்கிலீஷ்காரன், அயர்லாந்துக்காரன், ஒல்லாந்தன் யாரையும் அந்தக் காலத்தில் நகர மதிலுக்குள் குடியிருக்க விடவில்லையாம். மதிலுக்கு வெளியே சதுப்பில், ஆற்றங்கரையில் குந்திக்கொண்டு வைன் விற்றிருக்கிறார்கள்.

"அப்புறம்?" என்றேன்.

"பிறகென்ன, பணக்காரராயிட்டாங்கள். எங்களுக்கு மதில் மட்டும் கிடைச்சது."

தன் கதையை அவர் ஒரே ஒருமுறைதான் சொன்னார், அதையும் வேண்டாத சாமானைக் கைமாற்றுகிறவர் போல வேகமாக. இலங்கையில் சண்டை முடிந்தபின் அவர் படகேறி இந்தப் பக்கம் வந்தார். கைக்குழந்தையோடு மனைவி, தன் தமையன் மூலமாகப் பிரான்ஸ் போய்ச் சேர்ந்தார். யார் முதலில் அகதிக் காகிதம் வாங்குகிறார்களோ அவர் மற்றவரைக் கூப்பிடுவது என்பது ஒப்பந்தம். பிரான்ஸ் மனைவிக்குக் கொடுத்தது. ஆஸ்திரேலியா இவருக்கு இல்லை என்றது. ஆனால் பிடித்து அனுப்பவும் இல்லை. பிரிட்ஜிங் விசா என்று ஒன்றைக் கொடுத்து, அது தீரத் தீரப் புதுப்பித்து, வேலை செய், வரி கட்டு, வெளியே போனால் திரும்பி வராதே என்று வைத்திருந்தது. மனைவி கூப்பிட்டபோது பிரான்ஸ், கல்யாணம் நடந்ததற்கு அத்தாட்சி கேட்டது. தாலி கட்டிய கோயில் குண்டில் போயிருந்தது. பதிவு செய்த அலுவலகம் எரிந்திருந்தது.

"கட்டிவைச்ச ஐயர் கனடாவிலை இருக்கிறார். கேட்டுப் பாத்தம். அவருக்கு எங்கடை முகம் நினைவில்லை. பிழை சொல்லேலாது, சண்டைக்குள்ளை எல்லாருக்கும் அவசரக் கலியாணம், வரிசையில நிண்டு கட்டினனாங்கள்" என்று சொல்லிவிட்டு, எந்த லேனில் போக வேண்டும் என்று எனக்குக் கை காட்டினார்.

எங்கேயும் போக முடியாத அந்த மனிதர், எல்லாரையும் எங்காவது கூட்டிக்கொண்டு போய்க்கொண்டே இருந்தார். டாக்டரைப் பார்க்கத் தனியாகப் போக அஞ்சும் வயதான அன்ரிமார், வாடகை வீடு பார்க்கப் போகும் புதுத் தம்பதி, லைசென்ஸ் தேர்வில் மூன்றுமுறை தோற்ற ஒரு நர்ஸ் என்று பிளாக்டவுனில் பாதித் தமிழர் ஏதோ ஒரு நாளில் அவரோடு நடந்தவர்கள். போகிற இடத்தில் அவர் ஒன்றும் செய்ய மாட்டார். ஆங்கிலமும் சுமார்தான். பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். ஒரு அன்ரி சொன்னார்: "கோயிலுக்குப் போனால்கூட சாமி என்ன சொல்லுமோ எண்டு ஒரு பயம் இருக்கும். இந்தப் பிள்ளையோட போனால் அது இல்லை."

எனக்குக் குடியுரிமை கிடைத்த நாளில் அவரைத்தான் அழைத்துப் போனேன். மனைவியும் வந்தாள், ஆனால் அவள் கணக்கில் சேர்த்தியில்லை. என் பயத்தைப் பார்த்துச் சிரிப்பவள் அவள். மேடையில் ஏறி உறுதிமொழி சொல்ல வேண்டும். நடுவில் மறந்துவிட்டால் குடியுரிமையைத் திரும்ப எடுத்துக்கொண்டு திருச்சிக்கே அனுப்பிவிடுவார்கள் என்று நான் உறுதியாக நம்பினேன். ஒரு மாதம் காரில் அதை உரக்கச் சொல்லிப் பழகினேன். எனக்கு வருவதற்கு முன் அவருக்கு வந்துவிட்டது. விழா மண்டபத்தில், எதிர்பார்த்தபடியே, இரண்டாவது வரியில் எனக்கு எல்லாம் வெளுத்துப்போனது. கூட்டத்தைப் பார்த்தேன். மூன்றாவது வரிசையில் அவர் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. அதைப் பார்த்துப் பார்த்துச் சொல்லி முடித்தேன். அன்று இந்த நாட்டின் பிரஜையானது யார் என்று ஒரு நல்ல வக்கீல் கேட்டால் நான் மாட்டிக்கொள்வேன். விழாவில் ஆளுக்கொரு மரக்கன்று கொடுத்தார்கள். வீட்டுக்கு வரும்வரை அதை அவர்தான் மடியில் வைத்துக்கொண்டு வந்தார், மண் சிந்தாமல்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் திரையில் முகம் வரும். அந்தப் பெண் நல்ல சட்டை போட்டு, தலைவாரி, ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார்ந்து பேசுவார். பக்கத்தில் மகளும் சற்று நேரம் இருப்பாள். "பொன்ஜூர் பப்பா" என்பாள். இவர் தமிழில் கேட்க, அவள் பிரெஞ்சில் சொல்ல, தாய் மொழிபெயர்க்க, மூன்று வாக்கியத்தில் கதை தீர்ந்துவிடும். கைக்குழந்தையாக விட்டுவந்த பிள்ளைக்கு இப்போது பள்ளிக்கூடம் முடியப்போகிறது. "நல்ல பிள்ளை. என்னோட மரியாதையாக் கதைக்கும். பாங்கிலை கதைக்கிறமாதிரி" என்றார் ஒருமுறை.

இப்படி இருக்கும்போது எங்கள் எக்ஸ்ரே படங்களை நிர்வகிக்க ஒரு பிரெஞ்சு மென்பொருளை வாங்கினார்கள். யாராவது ஒருவர் ஒரு வாரம் போய்ப் பயிற்சி எடுத்துவர வேண்டும். ஊர் எது என்று பார்த்தால் போர்தோ. எல்லாரும் ஆசைப்பட்டார்கள். எனக்கோ விமானம் என்றாலே ஆகாது. ஆகவே கைதூக்காமல் உட்கார்ந்திருந்தேன். அடக்கமானவன் என்று நினைத்து என்னையே தேர்ந்தெடுத்துவிட்டார்கள்.

காரில் சொன்னேன். எப்போது, எத்தனை நாள் என்று அவர் விசாரித்தார். பிறகு, இத்தனை வருஷத்தில் முதல்தடவையாக, என்னிடம் ஓர் உதவி கேட்டார். ஒரு நாள் காலையில் அந்த நடைக்கு நான் போக வேண்டும். கைபேசியை நான் பிடித்துக்கொண்டு முன்னால் நடக்க வேண்டும், மனைவி பின்னால் வர வேண்டும்.

"அவள் நடக்கிறதைப் பாத்து எவ்வளவு காலம்" என்றார். சொன்னதும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஐம்பது வயது மனிதருக்கு வெட்கம்.

விமான நிலையத்துக்கு அவரும் வந்தார். பாதுகாப்புச் சோதனைக்கு அப்பால் பயணிகள் மட்டும் என்ற இடம்வரை நடந்து வந்து, அங்கே நின்று, நான் திரும்பித் திரும்பிப் பார்க்கப் பார்க்கக் கையாட்டினார். நடுவானில் விமானம் குலுங்கியபோது கண்ணை மூடிக்கொண்டு ட்ராமிலிருந்து இறங்கினேன், வலப்பக்கம் ஆறு.

ஒரு வழியாக உண்மையிலேயே அந்த ட்ராமிலிருந்து இறங்கினேன். சொன்ன நேரத்துக்கு வெகு முன்பே. தொலைந்துபோய்விடுவேன் என்ற பயத்தில் சீக்கிரம் வந்தேனே தவிர வேறு காரணமில்லை. ஆனால் தொலைவதற்கு வழியே இல்லை. ஆறு அவர் சொன்ன நிறத்தில் இருந்தது. வீடுகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு ஒல்லியாக நின்றன, தேன்நிறக் கல்லில். சந்தில் பழம்பொருள் கடைகள் இன்னும் திறக்கவில்லை. பூட்டிய கண்ணாடிக்குள் பித்தளை விளக்கு இருந்தது. தெரிந்தவரைப் பார்த்தாற்போல் தலையசைத்துவிட்டேன். அப்புறம் நிமிர்ந்து பார்த்தேன். கதவுகளுக்கு மேலே, ஜன்னல்களுக்கு மேலே, ஒவ்வொன்றிலும் ஒரு கல்முகம் செதுக்கியிருந்தது. தாடிக்காரன், திராட்சைக் கொத்தைத் தலையில் சூடியவன், வாயைப் பிளந்து அலறுகிறவன். அலறுகிறவனைப் பார்த்ததும் எனக்கு உறவுக்காரனைப் பார்த்த மாதிரி இருந்தது. இவர்களைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லையே என்று யோசித்த பிறகுதான் உறைத்தது. அவர் பார்த்த போர்தோ கோட்டுப் பை உயரம். கதவுக் குமிழ், நாற்காலிக் கால், நாய், தள்ளுவண்டி. அதற்கு மேலே அவருக்கு ஊர் கிடையாது.

ட்ராம் நிறுத்தத்துக்குத் திரும்பினேன். நகரின் பக்கமிருந்து வந்த வண்டியிலிருந்து குள்ளமான ஒரு பெண், கையில் சாப்பாட்டுப் பையோடு, கைப்பிடியைப் பற்றி ஒவ்வொரு காலாக இறங்கினார். குரலைக் கேட்டபிறகுதான் அடையாளம் தெரிந்தது. ஒரு காலைச் சற்று இழுத்து நடந்து வந்து, மூச்சு வாங்கிக்கொண்டு, நான் கைபேசியை எடுப்பதைப் பார்த்துக் கையமர்த்தினார்.

"அண்ணை, போனை எடுக்க முன்னம் ஒண்டு சொல்லவேணும். நான் இஞ்சை இப்ப வேலை செய்யிறேல்லை."

எனக்குப் புரியவில்லை.

"அந்தக் கட்டடத்தை வித்துப்போட்டாங்கள். கனகாலமாச்சு. இப்ப ஆத்துக்கு அங்காலை, வயது போன ஆக்களின்ரை இல்லத்திலை வேலை. வீடும் அந்தப் பக்கம்தான்."

"அப்ப தினமும் இங்க எதுக்கு வர்றீங்க?"

"அவருக்கு இதுதானே தெரியும்."

இரண்டு ட்ராம் மாறி வந்து, அந்தக் கதவுவரை நடந்து, திரையை அணைத்து, மறுபடி இரண்டு ட்ராம் மாறி வேலைக்கு ஓடுகிறார். அங்கே ஈரப் படிக்கட்டில் விழுந்ததில் முழங்கால் போய்விட்டது. அதையும் அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் நடக்க வேண்டாம் என்பார். நடக்காவிட்டால் என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

"நான் வராட்டில் அவர் அங்கை எங்கை நிப்பார், சொல்லுங்கோ?"

பிறகு ஆற்றைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார். தன்னால் இனி முடியாது. இவ்வளவு நாள் இழுத்தாகிவிட்டது. ஆனால் வாயைத் திறந்து சொல்ல வரவில்லை. நான் பகிடிக்காரன் என்று அவர் சொல்லியிருக்கிறாராம். பகிடியோடு பகிடியாக, அவருக்கு நோகாத மாதிரி, திரும்பிப் போனதும் நானே சொல்லிவிட முடியுமா? என் வாழ்நாளில் என் நகைச்சுவையை நம்பி யாரும் ஒரு பொறுப்பைத் தந்ததில்லை. தந்தது அன்றுதான். பார்க்கலாம்மா, பார்க்கலாம் என்று உளறினேன்.

அழைத்தேன். திரையில் கணவர் தெரிந்தார், சிட்னியில் மருத்துவமனை பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தார். சவரம் செய்து, பொத்தான் போட்ட சட்டை அணிந்திருந்தார். நான் கைபேசியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு பின்னோக்கி நடந்தேன். ஒரு சைக்கிள்காரன் திட்டினான். ஒரு காபிக் கடை நாற்காலி இடுப்பில் இடித்தது. படபடப்பு ஏறினால் எனக்கு வாய் நிற்காது. மேலே பாருங்க அண்ணே, கல்லுல ஆளுங்க இருக்காங்க, இவன் என் பெரியப்பா மாதிரி இருக்கான் என்று கல்முகங்களைக் காட்டினேன். மறுபடி அந்தப் பெண்ணைக் காட்டினேன். எந்தக் கடைக்குப் போக, ஆற்றுப் பக்கமா, சந்துப் பக்கமா என்று நானே கேட்டேன். அந்தப் பக்கத்திலிருந்து சத்தமே இல்லை.

அந்தப் பெண் முதலில் சிரித்துக்கொண்டுதான் நடந்தார். சற்று நேரத்தில் கேமரா இருப்பதே மறந்துவிட்டது. கால் வைக்கும் கல்லை மட்டும் பார்த்து, உதட்டைக் கடித்து, இடது காலை இழுத்து வைத்து, வலது காலை ஊன்றி. ஆறு பக்கத்தில் போய்க்கொண்டிருந்தது, அவர் பார்க்கவில்லை. பித்தளை விளக்கு வந்தது, பார்க்கவில்லை. வேலை நேரத்தில் இருக்கிற முகம். அதை இத்தனை வருஷம் பை மறைத்திருந்தது. இப்போது நான் அதைக் கணவரின் கண்ணுக்கு நேரே ஏந்திக்கொண்டு நடந்தேன்.

கரும்பச்சைக் கதவு வந்தது. நான் பிடித்திருந்த உயரத்தில் கதவின் மேல்பாதியும் திரையில் விழுந்தது. அங்கே புத்தம்புதுப் பலகை, விடுமுறைக்கு வருகிறவர்களுக்கு அறைகள் வாடகைக்கு என்று பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும். கண்ணாடியில் பெட்டியோடு இறங்கிவரும் இரண்டு சுற்றுலாப் பயணிகள். சட்டென்று கைபேசியைத் தாழ்த்தினேன். என் பயங்களில் பெரும்பாலானவை நடக்காத காரியங்களைப் பற்றியவை. நடக்கிற காரியத்துக்கு எப்போதும் தாமதமாகத்தான் பயப்படுகிறேன்.

"வந்திட்டன், வைக்கிறன்" என்றார் அந்தப் பெண், பழக்கத்தில்.

"காணும், போதும்" என்றார் அவர். பிறகு, "வேலைக்கு நேரம் போகுதெல்லே, கெதியாப் போ. இனி உவ்வளவு தூரம் வராதை."

திரை அணைந்தது. முதல்தடவையாக அவர் பக்கத்திலிருந்து.

அந்தப் பெண் கதவடிப் படியில் உட்கார்ந்துகொண்டார். அவர் கோபமாக இருக்கிறாரா என்று என்னிடம் கேட்டார். இல்லையென்று சொன்னேன். எனக்கு எப்படித் தெரியும்.

சிட்னி திரும்பியதும் காரில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: எப்போது விழுந்தாள்? தெரிந்ததைச் சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

"படம் ஒரு பக்கம் சரிஞ்சு சரிஞ்சு வந்தது தம்பி. நான் அது கல்லு ரோட்டு எண்டு நினைச்சன்."

அதற்குப்பிறகு மாலையில் அழைப்பு வரவில்லை. பகிடி விட்டுப் பார்த்தேன், மரியாதைக்குச் சிரித்தார். ஞாயிற்றுக்கிழமை அழைப்பு மட்டும் இருந்தது, அதிலும் மூவரும் கேட்பதற்குக் கேள்வி இல்லாமல் உட்கார்ந்திருந்தார்களாம். மருத்துவமனையில் ஒருநாள் கண் ஆபரேஷனுக்குப் போகிற ஒரு யாழ்ப்பாணத்து அம்மா, யாரோ சொல்லிக் கேள்விப்பட்டு, தம்பி அந்த ஆத்தங்கரைக் கதையைச் சொல்லுங்கோ, பயமாயிருக்கு என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார். நான் எதிரே ஒரு கணினியைத் தள்ளிக்கொண்டு வந்தேன், ஆகவே காதால் கேட்டேன்.

"அந்தப் பக்கம் நான் இப்ப போறேல்லை அம்மா" என்றார். கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனார்.

கொஞ்ச நாளில் ஊருக்குத் திரும்பிப் போக எழுதிக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். நெடுஞ்சாலையில் வைத்துச் சொன்னார். எப்படி லேன் மாறாமல் ஓட்டினேன் என்று தெரியவில்லை. ஊரில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன். ஒருவரும் இல்லை. எங்கே தங்குவீர்கள்? பார்க்க வேண்டும். அங்கே அவங்க வர முடியாதே அண்ணே, வந்தா பிரான்ஸ் காகிதம் போயிடுமே என்றேன்.

"ஓம்" என்றார்.

"தெரிஞ்சுமா?"

"நான் இஞ்சை இருக்குமட்டும், இண்டைக்கு வரும் நாளைக்கு வரும் எண்டு அவள் அங்கை வெளிக்கிட்டபடி வீதியிலைதான் நிப்பாள். ஆரோ ஒராள் முதலிலை வீட்டை போகவேணும் தம்பி."

நான் கத்தினேன், கெஞ்சினேன், சட்டம் தெரிந்த ஆள் ஒருவரிடம் கூட்டிப் போனேன். அங்கேயும் அவர் என் பக்கத்தில் உட்கார்ந்து, நான் பதறாமல் பார்த்துக்கொண்டார். அந்தப் பெண் எனக்கு அழைத்து, மறியுங்கோ அண்ணை, நான் திரும்ப நடக்கிறன் எண்டு சொல்லுங்கோ என்று அழுதார். சொன்னேன். அதற்காகத்தான் போகிறேன் என்றார்.

போனார். போய்ச் சேர்ந்ததாக ஒரு வரி எனக்கு வந்தது. அந்தப் பெண்ணுக்கும் அதே ஒரு வரி. பிறகு இருவருக்கும் ஒன்றும் வரவில்லை. அந்த எண் அடிக்கிறது. எடுக்க யாரும் இல்லை. நான் மறுபடி சந்து சந்தாகத்தான் வேலைக்குப் போய்வருகிறேன்.

கடைசி மாலையில் அவர் வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டு, நாளைக்கு விமான நிலையத்துக்கு நான் கூட்டிட்டுப் போறேன் அண்ணே என்றேன். வேண்டாம், ரயில் இருக்கிறது என்றார். எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தது. எத்தனை இடத்துக்கு என்னோட வந்தீங்க, ஒரு தடவை நான் வரக்கூடாதா என்றேன்.

"வரலாம் தம்பி. வந்திட்டு எப்பிடித் திரும்பிப் போவீங்கள்? நான் இருக்கமாட்டன்."

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. கார்க் கதவில் கைவைத்தபடி, அதற்கு ஏதாவது வழி இருக்கிறதா என்று உண்மையாகவே யோசித்துக்கொண்டு நின்றார்.